ஊரே ஆடிய சூதாட்டம்



அமெரிக்காவில் நெவாடா என்று ஒரு மாநிலம். அங்கே பாலைவனத்தில் ரயோலைட் என்ற ஊர் இருக்கிறது. ஊர் இருக்கிறது, ஆட்கள் இல்லை. ஏன் தெரியுமா?

1904-இல் அந்தப் பகுதியில் தங்கம் கிடைத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஓடி வந்தார்கள். மாடிக் கட்டடங்கள் எழுந்தன. வங்கி, பள்ளி, மின்விளக்கு எல்லாம் வந்தன. ரயிலும் வந்தது. அழகான ரயில் நிலையம் கட்டினார்கள்.

தங்கச் சுரங்கத்தை நம்பிப் பலர் பணம் போட்டார்கள். 1907-இல் நாடெங்கும் பண நெருக்கடி. போட்ட பணம் கரைந்தது. சுரங்கத்திலும் நினைத்த அளவு தங்கம் இல்லை. 1911-இல் பெரிய சுரங்கத்தை மூடினார்கள். வேலை போயிற்று. மக்களும் போனார்கள். 1916-இல் மின்சாரமும் நின்றது.

ரயில் நிலையம் இடியாமல் நின்றது. 1937-இல் அது சூதாட்ட விடுதி ஆனது. பிறகு அதுவும் மூடிவிட்டது. இன்று கட்டடம் வெறுமையாக நிற்கிறது.

நண்பர்களே, சூதாட்டம் 1937-இலா தொடங்கியது? இல்லை. மண்ணுக்குள் எவ்வளவு தங்கம் என்று அறியாமலே பணம் போட்டார்களே, அதுவும் சூதாட்டம்தான். "பணம் போடு, பெருகும்" என்று யாராவது சொன்னால், "எப்படிப் பெருகும்?" என்று முதலில் கேளுங்கள்.