‘கிளாஸ்’ என்னும் ஒரு சொல்



ஆங்கிலம் என்றவுடன் அஞ்சும் இளைஞர் நம்மிடையே பலர் உளர். ஒரு சொல்லுக்கு அகராதியில் பத்துப் பொருள்களைக் கண்டதும் அகராதியையே மூடிவிடுகின்றனர். அவ்வச்சத்தைப் போக்கும் பொருட்டு இன்று ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். நாம் நாள்தோறும் வழங்கும் ‘கிளாஸ்’ என்னும் சொல்லே அது. தமிழில் அதனை ‘வகுப்பு’ என்கிறோம்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. என் தந்தையார் என்னை உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றார். எழுத்தர் தலை நிமிராமலே, ‘பையன் என்ன வகுப்பு?’ என்று கேட்டார். தந்தையார் கைகட்டி நின்று, ‘ஆதிதிராவிடருங்க’ என்றார். அறையில் இருந்தோர் சிரித்தனர். எழுத்தர் கேட்டது நான் எத்தனையாம் வகுப்பில் சேரவேண்டும் என்பதை. தந்தையார் அறிவற்றவர் அல்லர். அக்கேள்வியை வேறு பொருளில் அதுவரை எவரும் அவரிடம் கேட்டதில்லை, அவ்வளவே.

ஒரே சொல் ஒருவருக்குப் பள்ளியையும் மற்றொருவருக்குப் பிறப்பையும் குறித்தது எவ்வாறு? இச்சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம்.

இதன் மூலம் இலத்தீன் மொழியில் உள்ளது. பண்டைய ரோமாபுரியில் சர்வியஸ் துல்லியஸ் என்னும் மன்னன் மக்களைச் சொத்தின் அளவைக்கொண்டு ஐந்து வகுப்புகளாகப் பிரித்தான் என்பது மரபு. போதிய சொத்து இல்லாதோர் அவ்வைந்திற்கும் கீழே நின்றனர். வாக்களிக்கும் குழுக்கள் 193. அவற்றுள் குதிரைவீரர்க்கும் முதல் வகுப்பினர்க்கும் உரியவை 98. இவர்கள் ஒன்றுபட்டால் மற்றவரைக் கேட்கவேண்டிய தேவையே இல்லை! முதல் வகுப்பினரைக் குறித்த சொல்லிலிருந்தே, உயர்ந்த இலக்கியத்தைச் சுட்டும் ‘கிளாசிக்’ என்னும் சொல் பிறந்தது. 2004ஆம் ஆண்டில் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தபோது, ஆங்கிலத்தில் வழங்கியது அக்குடும்பத்துச் சொல்லே.

பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வேரூன்றிய இச்சொல் பல கிளைகளாகப் பிரிந்தது. ஒருங்கே அமர்ந்து பயிலும் மாணவர் கூட்டம் ஒரு கிளாஸ். 1735இல் லின்னேயஸ் இயற்கைப் பொருள்களை வகைப்படுத்தியபோது அமைத்த ஒரு படிநிலையும் கிளாஸ். தேர்வில் முதல் வகுப்புப் பெறுவதும் அதுவே. இரயிலில் நம் முன்னோர் ஏறிய மூன்றாம் வகுப்பும் அதுவே; 1974இல்தான் அப்பெயர் நீங்கியது. அரசு அலுவலகத்தில் ‘நான்காம் வகுப்பு ஊழியர்’ எனப்பட்டோரையும் நாம் அறிவோம். பொருளியலில் முதலாளி வர்க்கம், தொழிலாளி வர்க்கம் என்பனவும் இச்சொல்லே.

கண்ணாடிக் குவளைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் எழுத்தும் வேறு. ஆயினும் நம் பேச்சில் அதுவும் ‘கிளாஸ்’ ஆயிற்று. தேநீர்க் கடையில் தனிக் கிளாஸைக் கண்ட நமக்கு, அவ்விரண்டும் ஒரே சொல்லோ என்று தோன்றியதில் வியப்பில்லை.

இனி நம் வாழ்வைத் தொட்ட பொருளுக்கு வருகிறேன். ஆங்கில ஆட்சியினர் நம்மைத் ‘தாழ்த்தப்பட்ட வகுப்பினர்’ என்று எழுதிவந்தனர். 1922இல் எம்.சி. இராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர் என்னும் பெயருக்காக வாதாடினார். வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் நம் உரிமைகளுக்காகக் குரல் கொடுத்தனர். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் ‘பட்டியல் சாதியினர்’ என்னும் பெயர் இடம்பெற்றது.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், கதவடைக்கப்பட்ட வகுப்பே சாதி என்று அண்ணல் விளக்கினார். உழைப்பாலும் கல்வியாலும் ஒரு வகுப்பிலிருந்து மற்றொன்றுக்கு மனிதன் ஏறலாம். சாதியில் அவ்வழி இல்லை. இவ்வேறுபாட்டை உணராமல் எல்லாவற்றையும் வறுமை என்ற ஒரே சொல்லில் அடக்குவோர் இன்றும் உளர்.

நம் அரசியலமைப்பைப் பாருங்கள். 1951இல் சேர்க்கப்பட்ட 15(4) என்னும் கூறில், பிற்பட்ட வகுப்பினரும் பட்டியல் சாதியினரும் பட்டியல் பழங்குடியினரும் தனித்தனியே சொல்லப்படுகின்றனர். வேலைவாய்ப்பைக் கூறும் 16(4)இலோ ‘பிற்பட்ட வகுப்பினர்’ என்னும் ஒரே தொடர், நம்மையும் உள்ளடக்கியதாகவே கொள்ளப்படுகிறது. அடுத்தடுத்த இரு பிரிவுகளில் ஒரே சொல்லின் எல்லை வேறுபடுகிறது! விண்ணப்பப் படிவத்தில் இவ்வேறுபாடு அறியாமல் தவறான கட்டத்தில் குறியிடும் மாணவன் தன் உரிமையை இழக்க நேரிடும். சொல்லின் பொருளை அகராதி மட்டும் தருவதில்லை. அது நிற்கும் வாக்கியமே தருகிறது. எனவே சொல்லைத் தனியே மனப்பாடம் செய்யாதீர்கள், வாக்கியத்தோடு படியுங்கள்.

அண்ணல் அம்பேத்கர் சிறுவயதில் வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்கின்மீது தனித்து அமர்ந்து படித்தார். தண்ணீர்க் குழாயைத் தொடவும் அவருக்கு உரிமை இல்லை. ஓர் அறையிலேயே இச்சொல்லின் இரு பொருள்களும் அன்று மோதின. சேர்த்து அமர்த்தவேண்டிய வகுப்பு, பிரித்து அமர்த்தியது. ‘வகு’ என்றால் பிரி என்பதும் பொருள்தானே! அந்தச் சாக்கிலிருந்து எழுந்தவரே அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவரானார்.

25 ஆண்டுகளாக நம் கல்விக் கழகம் செய்துவரும் பணியும் இதுவே: பிரிக்கும் வகுப்பை, சேர்ந்து பயிலும் வகுப்பால் வெல்லுதல்.

இளைஞர்களே! நாளை எவரேனும் உங்களை ‘என்ன வகுப்பு?’ என்று கேட்டால், எப்பொருளில் கேட்கிறார் என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். படிப்பைக் கேட்டால் படிப்பைச் சொல்லுங்கள். சட்டம் தந்த உரிமைக்காகக் கேட்டால், அதனையும் தயங்காது சொல்லுங்கள். இரண்டில் எதனையும் என் தந்தையாரைப்போல் கைகட்டி நின்று சொல்லவேண்டாம்.