கிரவுன் லிக்கர் சலூன்



வட அயர்லாந்தின் தலைநகரான பெல்பாஸ்டில், கிரேட் விக்டோரியா தெருவில் ‘கிரவுன் லிக்கர் சலூன்’ என்றொரு பழைய பப் இருக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மதுக்கடையைப் பற்றி வானொலியில் என்ன பேச்சு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அந்த ஊரில் பப் என்பது குடிக்க மட்டுமான இடமல்ல. வேலை முடிந்து வருகிறவர்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதும், பசிக்குச் சாப்பிடுவதும், மழைக்கு ஒதுங்குவதும் அங்கேதான்.

பெல்பாஸ்டிலிருந்து லிஸ்பர்னுக்கு 1839-ல் ரயில் ஓடத் தொடங்கியது. அந்த ரயில் நிலையம் இந்தத் தெருவில்தான் இருந்தது. வண்டியைவிட்டு இறங்கி வருகிறவர்களை நம்பி நடந்த கடை இது. அதற்கு அப்போது ‘ரயில்வே டேவர்ன்’ என்றே பெயர். பிறகு அது ஃபிளானகன் குடும்பத்தின் கைக்கு வந்தது. அந்தக் குடும்பத்து மகன் பேட்ரிக் ஃபிளானகன் 1885-ல் கடையைப் புதுப்பித்து, பெயரையும் கிரவுன் என்று மாற்றினார். இன்று நாம் பார்ப்பது அவர் ஆசையாசையாகச் செய்துவைத்த கடையைத்தான்.

தெருவில் நின்று பார்த்தாலே தெரியும், செலவுக்கு அஞ்சாத மனிதர் என்று. முகப்பு முழுக்கப் பல வண்ண ஓடுகள். சாளரங்களில் தேவதைகளும் கோமாளிகளும் அன்னாசிப் பழங்களும் தீட்டிய வண்ணக் கண்ணாடிகள். உள்ளே செந்நிறக் கிரானைட் பதித்த நீண்ட மேடை, செதுக்கு வேலைப்பாடுள்ள மரம், தரையில் மொசைக். விளக்குகள் எரிவாயு விளக்குகள். அந்தக் காலத்தில் அயர்லாந்தில் கத்தோலிக்கத் தேவாலயங்கள் நிறைய எழும்பிக்கொண்டிருந்தன. அந்த வேலைக்கென வந்திருந்த இத்தாலியக் கைவினைஞர்களை, மாலையில் அங்கே வேலை முடிந்ததும் ஃபிளானகன் இங்கே அழைத்துவந்து வேலை வாங்கினார் என்று ஊரில் சொல்கிறார்கள். உள்ளே நிற்கும்போது ஒரு தேவாலயத்தின் சாயல் தட்டுவதற்கு அதுவே காரணம் என்கிறார்கள்.

கிரவுனில் என் மனம் அதிகம் லயிப்பது ‘ஸ்னக்’ என்னும் சிற்றறைகளில்தான். மொத்தம் பத்து. கதவுகளில் ஏ முதல் ஜே வரை எழுத்துகள். வாசலில் காவலுக்குச் சிங்கங்களும், சிங்க உடலும் கழுகுத் தலையும் கொண்ட கிரிஃபின்களும். நம் கோயில் தூண்களில் யாளி நிற்பதைப் போல. உள்ளே எதிரெதிர் பலகைகள், நடுவில் மேசை. கதவைச் சாத்திக்கொண்டால் வெளியிலிருப்பவருக்கு உங்கள் முகம் தெரியாது. விக்டோரியா காலத்தில் பப்பில் இருப்பதை நாலு பேர் பார்க்கக் கூடாது என்று கூச்சப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காகக் கட்டியவை இவை.

ஸ்னக்கின் உள்ளே சுவரில் சின்னதாக ஒரு கன்மெட்டல் தகடு பதித்திருக்கும். தீக்குச்சி உரசுவதற்கு. சுருட்டுப் பற்றவைக்கிறவர் மரத்தில் உரசிப் பாழாக்கிவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. இன்னொன்று அழைப்பு மணி. உள்ளிருந்து அழுத்தினால், எந்த ஸ்னக்கிலிருந்து அழைப்பு என்பதை வெளியே ஒரு பலகை காட்டிக்கொடுக்கும். கடைக்காரர் எழுத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கதவுக்கு வருவார். குரல் கொடுக்க வேண்டியதில்லை, எழுந்து வந்து முகம் காட்ட வேண்டியதுமில்லை. வாடிக்கையாளரின் மனசை இவ்வளவு நுட்பமாக அறிந்த ஒரு கடைக்காரரை நினைத்தால் மரியாதை வருகிறது.

பெயரைப் பற்றியும் ஒரு கதை உலவுகிறது. பேட்ரிக் கத்தோலிக்கர், அயர்லாந்து விடுதலையில் பற்றுள்ளவர். மனைவியோ புராட்டஸ்டண்ட், பிரிட்டிஷ் முடியாட்சியை மதித்தவர். கிரவுன் என்றுதான் பெயர் வைக்க வேண்டும் என்று மனைவி பிடிவாதம் பிடித்தாராம். சரி என்று தலையாட்டிய கணவர், கிரீடத்தை வாசல் தரையில் மொசைக்காகப் பதித்துவிட்டாராம், வருகிறவர்கள் எல்லாரும் அதை மிதித்துக்கொண்டு வரட்டும் என்று. வாசலில் அந்தக் கிரீடம் இன்றும் இருக்கிறது. ஒரே ஊருக்குள் இரண்டு மனங்களாக வாழ்ந்த பெல்பாஸ்ட் மக்கள் இந்தக் கதையை விடாமல் சொல்லிவருவதில் எனக்கு வியப்பில்லை.

அந்தப் பிளவு 1960-களின் இறுதியில் வன்முறையாக வெடித்து முப்பது ஆண்டுகள் நீடித்தது. கிரவுனுக்கு நேர் எதிரே 1971-ல் யூரோப்பா ஹோட்டல் திறந்தது. செய்தியாளர்கள் தங்கிய அந்த ஹோட்டலைக் குறிவைத்து முப்பது தடவைக்கு மேல் குண்டுகள் வைத்தார்கள். அங்கே வெடித்தால் இங்கே கண்ணாடி நொறுங்கும். சாளரங்கள் திரும்பத் திரும்ப உடைந்தன, திரும்பத் திரும்பச் செப்பனிடப்பட்டன.

கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றவர்கள் விடாமல் வற்புறுத்தியதால் பாரம்பரியச் சொத்துகளைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் 1978-ல் கடையை வாங்கியது. குண்டுச் சத்தம் ஓயாத ஊரில், அதுவும் ஒரு மதுக்கடையைப் பாரம்பரியச் சொத்தாக மதித்து வாங்கியதற்குத் துணிச்சல் வேண்டும். நான்கு லட்சம் பவுண்டு செலவில் 1981-ல் பழைய பொலிவைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 2007-ல் மேலும் ஐந்து லட்சம் பவுண்டு செலவாயிற்று.

இத்தனை செலவழித்தும் அதை அருங்காட்சியகமாக்கி, கயிறு கட்டித் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. பப்பாகவே நடத்துகிறார்கள். அதுதான் சரி என்பேன். இந்த மரமும் கண்ணாடியும் ரயிலிலிருந்து இறங்கி வந்த சாதாரண மனிதருக்காகச் செய்தவை. அதே தெருவில் 1895-ல் கட்டிய கிராண்ட் ஓபரா ஹவுசும் அழகான கட்டடம்தான். ஆனால் அங்கே நாடகம் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும். கிரவுனில் டிக்கெட் கிடையாது, கதவைத் தள்ளிக்கொண்டு யாரும் உள்ளே போகலாம்.