நடுக்கமும் விலகலும்



பத்தாண்டு நிறைவு விழாவில், கவியரங்கம் முடிந்த மேடையில், இயற்பியல் பேசப் பணித்திருக்கிறீர்கள். நகைப் பொன்னிலிருந்து தொடங்குகிறேன்.

22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு பொன். எஞ்சியது பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். பொன் படிகத்தின் அலகுக் கூட்டிற்குப் பக்கம் 4.08 ஆங்ஸ்ட்ராம், செம்பிற்கு 3.61. பருமன் வேறுபட்ட அணுக்கள் ஒரே அணியில் அமரும்போது, அண்டை அணுக்கள் தத்தம் இடத்தினின்று சற்றே தள்ளி நிற்க நேர்கிறது. இது நிலைப் பெயர்ச்சி. இதனோடு, வெப்பத்தால் ஒவ்வோர் அணுவும் ஓயாது நடுங்குகிறது. இது வெப்பப் பெயர்ச்சி. அறை வெப்பத்தில் செம்பணுவின் நடுக்கம் ஒரு திசையில் ஏறத்தாழ 0.08 ஆங்ஸ்ட்ராம், அண்டை அணுவோ 2.56 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இருக்கிறது.

1912இல் மியூனிக் நகரில் லாவே, ஃபிரெடிரிக், நிப்பிங் ஆகியோரின் முயற்சியால், படிகத்தினூடே சென்ற எக்ஸ் கதிர் புள்ளிக்கோலம் இட்டது. அணுக்கள் நடுங்கினால் கோலம் கலைந்துவிடாதா? 1913இல் டெபை விடை கூறினார்: புள்ளிகள் அகல்வதில்லை, செறிவுதான் குறைகிறது. இழந்த செறிவு பின்புலத்தில் மங்கலாய்ப் பரவுகிறது. 1923இல் வாலர் இக்கணக்கைத் திருத்தினார். கலவைகளில் நிலைப் பெயர்ச்சியும் புள்ளியை மங்கச் செய்யும் என்று 1947இல் ஹுவாங் காட்டினார்.

சிக்கல் இங்கேதான். அணு ஒருமுறை அதிர்வதற்குள் எக்ஸ் கதிர் பல்லாயிரம் முறை அலைந்துவிடும். அதன் பார்வையில், நடுங்கும் அணுவும் விலகி நிற்கும் அணுவும் ஒன்றுபோலவே தோன்றும். மங்கலை அளந்தால் இரண்டின் கூட்டுத்தொகையே கிடைக்கும்.

பிரிப்பது எப்படி? குளிர்வித்துத்தான். திரவ நைட்ரஜனின் 77 கெல்வின் வரையிலும், அதற்குக் கீழும் கலவையைக் குளிர்வித்து, பல வெப்பநிலைகளில் செறிவை அளக்கிறார்கள். நடுக்கம் தணியத் தணியப் புள்ளி தெளிகிறது. விலகலோ ஏறத்தாழ மாறுவதில்லை. தனிச்சுழி வரை வரைகோட்டை நீட்டினால் ஒரு மிச்சம் நிற்கும். அந்தக் குளிரிலும் ஓயாத சுழிநிலை அதிர்வு ஒன்று உண்டென்பது குவாண்டம் விதி. அதையும் கணக்கிட்டுக் கழித்தால் எஞ்சுவதே நிலைப் பெயர்ச்சி.

தூய பொன் எளிதில் வளையும். செம்பு சேர்ந்தால் உறுதி பெறும். அவ்வுறுதிக்கு ஒரு காரணம் இந்த விலகல்.

கவிஞர் பெருமக்களே, எழுதிய சூடு ஆறியபின் வரியில் எஞ்சுவது எதுவோ, அதைக்கொண்டே கவிதையின் உறுதியையும் அறியலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.