மாலைமாற்றும் கண்ணாடியும்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வானொலிக்கு அவ்வளவாக ஒத்துவராத பொருள். ஒரு சொல்லைத் திருப்பி வாசித்தால் என்ன ஆகும், ஓர் எழுத்தைக் கண்ணாடியிற் காட்டினால் என்ன ஆகும் என்பதே பேச்சு. வானொலியில் கண்ணாடியைக் காட்ட முடியாது. ஆகையால் பக்கத்தில் ஒரு கடதாசித் துண்டும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

முதலில் திகதி என்ற சொல்லை எழுதுங்கள். தமிழ்நாட்டார் தேதி என்பதை நாம் திகதி என்கிறோம். பத்திரிகைத் தலைப்பில் அதைப் பார்க்கிறோம். பாடசாலையில் வரவு இடாப்பில் நாள்தோறும் எழுதுகிறோம். தி, க, தி. கடைசியிலிருந்து வாசித்தாலும் திகதியே. வீட்டுக்குள் வந்தால் தாத்தா, மாமா, பாப்பா என்று உறவு முறைகளே இப்படி நிற்கின்றன. எங்கள் கலகெதரப் பக்கத்து முஸ்லிம் நண்பர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், அதுவும் அப்படியே. குருகு என்ற பறவைப் பெயர், வினவி என்ற வினையெச்சம், எல்லாரும் அறிந்த விகடகவி ஆகியனவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் முதற்சொல் கற்க. அதையும் திருப்பிப் பாருங்கள். ஓர் ஆசிரியனுக்கு அது சிறு மகிழ்ச்சி.

இவற்றைப் போல முன்னும் பின்னும் ஒன்றாக ஓடும்படி செய்யுளை அமைப்பதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் மாலைமாற்று. பூமாலையை எந்த நுனியிலிருந்து பிடித்தாலும் மாலைதானே. தண்டியலங்காரம் சொல்லணியியலில் மாலைமாற்று முதலான 12 சித்திரகவிகளைக் கூறுகிறது. கோமூத்திரி, நாகபந்தம், சுழிகுளம், சருப்பதோபத்திரம் என்பன அவற்றுட் சில. நடந்துகொண்டே நீர்விடும் எருதின் பின்னால் மண்ணில் வளைந்து வளைந்து செல்லும் தடத்துக்கே கோமூத்திரி என்று பெயர். இப்பெயர்களைப் பரீட்சைக்காக மனனம் செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுவது நம் மாணவர் வழக்கம். அவர்களைக் குறைசொல்ல முடியாது. பெயர்ப்பட்டியலில் என்ன சுவை இருக்கிறது?

ஆகவே நான் வகுப்பில் வேறொரு வழியிலே தொடங்குவேன். "பிள்ளைகளே, உங்கள் ஊர்ப்பெயர்களைத் திருப்பி எழுதுங்கள்" என்பேன். கண்டி என்று எழுதித் திருப்பினால் டி முன்னே வந்து நிற்கிறது. மாத்தளையும் கம்பளையும் ளையைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. பேராதனையில் னை, அக்குறணையில் ணை, கலகெதரவில் ர. "சேர், ஒரு ஊரும் திரும்ப மாட்டேன் என்கிறது" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். ஏன் என்று கேட்டால்தான் பாடம் தொடங்கும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வாரா. அம்மா என்பதைத் திருப்பினால் அகரம் கடைசியில் தனித்துக் கிடக்கும். சொல்லின் நடுவிலோ இறுதியிலோ உயிர் தனியெழுத்தாக நிற்பது நம் எழுத்து வழக்கன்று. தமிழ் என்ற சொல்லைத் திருப்பினால் ழகர மெய் முன்னே வருகிறது. எந்த மெய்யும் புள்ளியோடு சொல்லைத் தொடங்காது. மொழிமுதல், மொழியிறுதி என்று தொல்காப்பியரும் நன்னூலாரும் சொன்னவற்றைப் பிள்ளைகள் சூத்திரம் தொடாமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள். சொல்லைத் தலைகீழாக்கிப் பார்த்தபோதுதான் சொல்லின் தலை எது, கால் எது என்று தெரிகிறது.

இத்தனை தடைகள் உள்ள மொழியிலே ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகப் பாடியவர் திருஞானசம்பந்தர். 7ஆம் நூற்றாண்டு. மூன்றாந் திருமுறையில் 117ஆம் பதிகம். நம் திருக்கோணமலைக்கு அவர் பாடிய பதிகமும் இதே திருமுறையில்தான் இருக்கிறது. மாலைமாற்றுப் பதிகத்தில் ஒவ்வொரு பாட்டும் இரண்டே அடி. முதலடியைப் பின்னிருந்து வாசித்தால் இரண்டாம் அடி. எட்டாம் பாட்டில் இராவணனைக் குறிப்பிடுவது சம்பந்தரின் வழக்கம். இத்தனை நெருக்கடியிலும் அவர் அதை விடவில்லை. இரண்டாம் அடியின் இறுதியில் இலங்கை வேந்தன் பெயர் விளியாக வருகிறது. அப்படியானால் அதே பெயர் முதலடியின் தொடக்கத்திலே பின்புறமாக நிற்க வேண்டும். நின்றால் னகரம் முதலெழுத்தாகிவிடும். அதைத் தமிழ் ஏற்காது. அங்கே றகர னகரத்து னகரம் தந்நகரமாக எழுதப்பட்டிருப்பதைப் பதிகத்தைத் திறந்து பார்ப்பவர்கள் காணலாம். பதினோராம் பாட்டில் தமிழாகரன் என்ற தம் பெயரைப் புலவர் வைக்கும் இடத்திலும் இதே கதைதான். ஆட்டம் எத்தனை கடினமானாலும் மொழியின் வாசற்படியை அவர் மிதித்துக்கொண்டு போகவில்லை, குனிந்துதான் போயிருக்கிறார்.

"இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டு" என்று நவீன இலக்கிய நண்பர்கள் சொல்வதுண்டு. சித்திரகவிகளுட் பல, உரையின் துணையின்றி விளங்காதவை. நெஞ்சைத் தொடும் பாட்டு வேண்டுமென்று கேட்கும் மாணவனுக்குச் சம்பந்தரின் வேறு பதிகங்களைத்தான் நான் எடுத்துக்கொடுப்பேன். ஆனால் விளையாட்டு என்பதனாலேயே ஒன்றைத் தள்ளிவிடலாமா? கிளித்தட்டு விளையாடாத பிள்ளைக்குக் கோட்டின் அருமை தெரியாது.

இதுவரை சொன்னவை திருப்பினாலும் மாறாதவை. திருப்பினால் வேறொன்றாகும் சொற்கள் இன்னும் சுவையானவை. வாசி என்று எழுதுங்கள். திருப்பினால் சிவா. சித்தர் மரபிலே வாசி என்றால் மூச்சு. மூச்சைத் திருப்பினால் சிவனைக் காணலாம் என்று யோகநெறியார் இந்தச் சொல்லிலே தம் கொள்கையையே அடக்கிவிட்டார்கள். இதைக் காவிய அளவுக்கு நீட்டியவர் 17ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்துப் பக்கத்தில் வாழ்ந்த வேங்கடாத்வரி. அவர் வடமொழியிற் செய்த இராகவயாதவீயத்தில் 30 சுலோகங்கள். முன்னிருந்து படித்தால் இராமன் கதை. ஒவ்வொரு சுலோகத்தையும் பின்னிருந்து படித்தால் கண்ணன் பாரிசாத மரத்தைக் கொண்டுவந்த கதை. எழுத்தில் ஒன்றுகூட மாறவில்லை. வாசிப்பவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

நேயர்களே, இதுவரை காதினாலே திருப்பினோம். இனிக் கண்ணாலே திருப்புவோம். இரண்டும் வேறு வேறு. பாப்பா என்ற சொல் காதுக்கு இருபுறமும் ஒன்றே. எழுதிக் கண்ணாடி முன் பிடித்தால் காலெழுத்துகள் இடப்பக்கம் பாய்ந்துவிடும். பகரம் மட்டும் அசையாமல் நிற்கும். ஆய்தமும் அப்படியே நிற்கக்கூடிய எழுத்து. மற்ற எழுத்துகளிற் பல முகந்திரும்பி அந்நியமாகிவிடும்.

இந்த அந்நிய எழுத்தை வேண்டுமென்றே எழுதியவர்கள் இருக்கிறார்கள். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் ஒரு பெருங்கற்காலப் புதைகுழியை அகழ்ந்தபோது ஒரு முத்திரை கிடைத்தது. மேலே குறியீடுகள்; கீழே பிராமி எழுத்துகள். கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். அதிலுள்ள எழுத்துகளை வலமிருந்து இடமாக வாசித்துக் கோவேத என்று அறிஞர் பலர் கொண்டனர். முத்திரை என்பது பார்ப்பதற்கன்று, பதிப்பதற்கு. கையில் வைத்துப் பார்ப்பவனுக்கு அது புறம்பாகத் தோன்றும். களிமண்ணில் அழுத்தினால் நேராக விழும். பழைய அச்சகங்களின் ஈய எழுத்துகளும் இந்த முத்திரையின் வழிவந்தவைதாம். கணினி வருவதற்கு முன் அச்சுக்கோப்பாளர் திரும்பிய எழுத்துகளைத் தலைகீழாகவே பிடித்து, நாம் பத்திரிகை வாசிக்கும் வேகத்தில் வாசித்துப் பிழை பொறுக்குவார். அவர் புறம்பாக வாசித்ததனாலேதான் நாம் நேராக வாசித்தோம்.

இன்னும் எளிய உதாரணம் எங்கள் குருநாகல் வீதியிலே ஓடுகிறது. அம்புலன்ஸ் வண்டியின் நெற்றியில் ஆங்கில எழுத்துகள் திரும்பியிருக்கும். வீதியோரம் நிற்பவருக்கு அது பிழைபோலத் தெரியும். முன்னே செல்லும் பஸ் சாரதியின் கண்ணாடியில் அது சரியாக விழும். அவர்தானே ஒதுங்கி வழிவிட வேண்டும். தனக்குப் புறம்பாகவும் பிறருக்கு நேராகவும் எழுதுவது என்பது எத்தனை பெரிய மரியாதை!

இவ்விடத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள் சிலர் டகரத்தையும் இலக்கங்களையும் கண்ணாடியிற் கண்டதுபோல் திருப்பி எழுதுவார்கள். அயல்வீட்டுத் தாயொருவர் கொப்பியைக் கொண்டுவந்து, "சேர், பிள்ளைக்கு ஏதும் குறையோ?" என்று கண்கலங்கக் கேட்டிருக்கிறார். திருப்பி எழுதியதற்காகப் பிரம்படி வாங்கிய பிள்ளைகளையும் நான் அறிவேன். அந்த வயதில் இது சாதாரணம். கோப்பையின் பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது கோப்பைதான் என்று கற்ற கண், எழுத்து மட்டும் அப்படியன்று என்பதை மெல்லத்தான் பழகும். நாட்கணக்கில் குறிப்பேடுகளைக் கண்ணாடி எழுத்திலேயே நிரப்பிய லியனார்டோ டாவின்சியை உலகம் மேதை என்கிறது. நம் பிள்ளைக்கு ஒரு வருடமாவது பொறுமை காட்டலாம். வயது ஏறியும் மாறாவிட்டால் அறிந்தவரிடம் காட்டலாம். அடியினால் எழுத்து நேராகாது. பிள்ளை எழுத்தையே வெறுக்கும்.

நிறைவாக, எழுத்தைவிட்டுச் சிற்பத்துக்கு வருவோம். தஞ்சை மாவட்டத்துத் தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் ஒரு சிறு புடைப்புச் சிற்பம் உண்டு. ஒரு யானையும் ஓர் எருதும். இரண்டுக்கும் சேர்த்துத் தலை ஒன்றே. எருதின் உடலைக் கையால் மறைத்தால் அது யானைத்தலை. யானையின் உடலை மறைத்தால் அது எருதின் தலை. இராகவயாதவீயம் செய்ததைச் சிற்பி அதற்கு முன்பே கல்லிற் செய்துவிட்டான். நம் கண்டிப் பக்கத்திலும் இரட்டை உருவங்களுக்குக் குறைவில்லை. கதிர்காமக் கடவுளுக்குரிய எம்பக்க தேவாலயத்தின் மரத்தூண்களிலே கழுத்துகள் பின்னிய அன்னங்களையும் இருதலைப் பறவையையும் காணலாம். இடமும் வலமும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் மாலைமாற்றுகள் அவை.

எம்பக்கைக்கு அருகிலே கடலாதெனிய விகாரை. 1344இல் பொறித்த கல்வெட்டு அதைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயரைக் கணேசுவராசாரி என்று கூறுகிறது. தென்னிந்தியக் கோயிற் கட்டட முறை; உள்ளே புத்தர் பெருமான்; பக்கத்திலே விஷ்ணுவுக்கும் இடம். ஒரு பக்கமிருந்து வருபவர் இது எங்கள் கோயில்போல இருக்கிறதே என்பார். மறுபக்கமிருந்து வருபவர் இது எங்கள் விகாரை என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. தாராசுரத்து யானையைப் போலத்தான். மற்றதைக் கையால் மறைத்துவிட்டுத் தலை முழுவதும் எங்களுக்கே உரியது என்று வழக்காடும்போதுதான் சண்டை வருகிறது. இந்த மலைநாட்டிலே அந்தச் சண்டையின் சூட்டை நாம் அனைவரும் உணர்ந்திருக்கிறோம். அடுத்த வீட்டாரின் மொழியை நம் பிள்ளைகள் வாசிக்கவும், நம் மொழியை அவர்களின் பிள்ளைகள் வாசிக்கவும் கற்றால், மறைத்த கையைச் சற்று எடுத்துப் பார்க்கலாம்.

கடதாசித் துண்டு இன்னும் கையில் இருக்கிறதல்லவா? உங்கள் வீட்டிலுள்ளோர் பெயர்களை அதில் எழுதித் திருப்பிப் பாருங்கள். எது திரும்புகிறது, எது மறுக்கிறது, ஏன் மறுக்கிறது என்று பிள்ளைகளையே கேளுங்கள். ஒரு மாலைப் பொழுது இலக்கணத்தோடு இனிதே கழியும்.