ஒற்றைச் சிலம்பும் ஊர் வாக்கும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வைகாசி விசாகப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போகாதவர் இச்சபையில் அரிதாகவே இருப்பர். நந்திக்கடலோரம் கோயில் கொண்ட அத்தாயின் கதையைப் பக்தியோடு கேட்கிறோம். அதனை ஒரு வழக்காக எண்ணிப் பார்த்ததுண்டா? விசாரணையின்றி ஒருவன் கொல்லப்பட்டான். தீர்ப்பளித்தவன் அரசன். எதிர்த்து வந்தவளோ அவ்வூராள் அல்லள், படையில்லை, சுற்றமில்லை. மதுரையில் அன்று வாக்கெடுத்திருந்தால் அவள் பக்கம் எத்தனை கை உயர்ந்திருக்கும்? அவளிடம் இருந்தது ஒற்றைச் சிலம்பு. உள்ளே முத்தன்று, மாணிக்கம். அதுவே போதுமாயிற்று. ஒருத்தியாய் நின்றாலும் உண்மை அவள் பக்கமாயின் அரசும் ஊரும் தலைவணங்க வேண்டும். உரிமை என்பது இதுவே.

இக்கதையை எடுத்ததற்குக் காரணம் உண்டு. "பிரதிநிதியை நாமே தெரிவு செய்கிறோம், நீதிபதியையும் நாமே தெரிவு செய்தால் என்ன?" என்று நம் இளைஞர் சிலர் கேட்கின்றனர். அவர்கள் கேட்பதற்கு நியாயம் உண்டு. 2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி த. சரவணராஜா பதவி துறந்தார். குருந்தூர்மலை வழக்கை விசாரித்தவர் அவர். உயிரச்சுறுத்தலும் மன அழுத்தமும் காரணமென்று கடிதத்தில் எழுதினார். அரச தரப்பு அதனை ஏற்கவில்லை. சட்டத்தரணிகள் பணியைப் புறக்கணித்துக் கண்டித்தனர். மேலிடத்தை நம்பி நீதிபதி இருப்பதிலும் மக்களை நம்பி இருப்பது மேலன்றோ என்று இளைஞர் எண்ணுவது இயல்பே.

அமெரிக்காவில் இவ்வெண்ணம் பழையது. 1832 இல் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையும் வாக்கினால் தெரிவு செய்யத் தொடங்கிற்று. ஆள்வோர் கையாளாக நீதிபதி இருத்தலாகாது என்பதே நோக்கம். தனிமனித சுதந்திரத்தை முதன்மையாகக் கொள்வோருக்கு இந்நோக்கம் உவப்பானதே. ஆயினும் விளைவைப் பாருங்கள். 2009 இல் அயோவா மாநிலத்து உயர்ந்த நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒரே பாலினத்தவரின் திருமண உரிமையை ஒருமனதாக ஏற்றனர். அடுத்த ஆண்டு வாக்குக்கு வந்த மூவரையும் மக்கள் வீட்டுக்கு அனுப்பினர். தீர்ப்புச் சரியா பிழையா என்பது வேறு விடயம். அடுத்த நீதிபதி ஏட்டைப் பார்ப்பாரா, வாக்குப் பெட்டியைப் பார்ப்பாரா? மெக்சிக்கோ 2025 ஜூனில் உயர்ந்த நீதிமன்றத்தையே தேர்தலுக்கு விட்டது. வாக்களிக்க வந்தவர் நூற்றுக்குப் பதின்மூவர் அளவே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1956 தேர்தலில் தனிச்சிங்களமே வெற்றிக் கோஷம். அச்சட்டத்தின் வழி வந்த சிங்களப் பரீட்சையில் சித்தியடையாமையால் கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுதுவினைஞருக்கு 1962 இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. அவர் தனி ஒருவராய்ச் சட்டமா அதிபர்மீது வழக்கிட்டார். சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டம் செல்லாது என்றது. அதனைக் கொண்டு 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் மொழிச் சட்டமே செல்லாதெனத் தீர்ப்பளித்தார். அவர் வாக்குக் கேட்டு வந்த நீதிபதியாயின் அத்தீர்ப்பை எழுதிய பேனா அன்றே நடுங்கியிராதா?

பின் நிகழ்ந்ததும் ஒரு பாடம். அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்கிட முடியாதென 1967 இல் உயர் நீதிமன்றம் கூறிற்று. 1969 இல் கோமறைக் கழகம் அதனை மறுத்து, அரசியலமைப்பு வினாவை இங்கேயே ஆராயுமாறு திருப்பிவிட்டது. வினா ஆராயப்படவேயில்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்கு முறையிடும் வழி அடைபட்டது. 1972 இல் 29 ஆம் பிரிவே மறைந்தது. நீதிபதியை அசைக்க முடியாத பெரும்பான்மை, அவர் கையிலிருந்த ஏட்டைப் பறித்தது.

ஆள்வோர் நியமித்தால் மட்டும் நன்றோ? அதுவும் அன்று. 1962 இல் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் குற்றஞ் சாட்டப்பட்டோரை விசாரிக்க, புதுச் சட்டத்தின்படி நீதி அமைச்சர் மூன்று நீதிபதிகளைப் பெயர் குறித்தார். அவ்வாறு குறிக்க அமைச்சருக்கு அதிகாரமில்லை என்று அம்மூவருமே தீர்த்து விலகினர். நீதிபதிக்கு இலக்கணம் அதுவே.

இன்னொன்றையும் மனந்திறந்து சொல்லுவோம். இங்கே வாக்கு வைத்தால் பெரும்பான்மை நாமே. அப்போது நம் நடுவே வாழும் முஸ்லிம் குடும்பத்துக்கும் சிங்களக் குடும்பத்துக்கும் நீதி எங்கே? ஏன், நம் சைவருக்குள்ளேயே பாருங்கள். சாதியின் பேரால் ஆலய வாசலை மறிப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இல் வந்தது. 1968 இலும் மாவிட்டபுரத்து வாசலில் அடியார் நின்று போராட வேண்டியிருந்தது. ஊரார் வாக்கெடுத்தே கதவு திறக்க வேண்டுமென்றால் எத்தனை கதவுகள் திறந்திருக்கும்? பெரியோர்களே, இதனைக் கோபமின்றி எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

ஆகவே நீதிபதியின் ஆசனம் அரசனுக்கும் உரியதன்று, ஊருக்கும் உரியதன்று. இன்று உயர் நீதிமன்ற நீதிபதிகளைச் சனாதிபதி அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடுதான் நியமிக்கலாம். 2022 இன் 21 ஆம் திருத்தம் இதனை மீட்டுத் தந்தது. ஆனால் பேரவையில் பெரும்பாலோர் பாராளுமன்றத்தினர். மேலும், நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கலாகாதென 80 ஆம் உறுப்புரை இன்றும் தடுக்கிறது. இத்தடை நீங்க வேண்டும். நீதிபதியைத் தெரியும் உரிமையிலும், தீய சட்டத்தை அவர் முன் நிறுத்தும் உரிமையே நமக்கு வேண்டுவது.

இளைஞர்களே, நிர்வாகத்தினர் அடிப்படை உரிமையை மீறினால் 126 ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். முப்பது நாள் அழுது தீர்த்துவிட்டு முப்பத்தைந்தாம் நாள் சட்டத்தரணியைத் தேடாதீர்கள். சங்க வாசிகசாலையில் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி ஒன்று இருக்கட்டும். வாரம் ஓர் உறுப்புரையேனும் வாசிக்கப்படட்டும்.

வற்றாப்பளையில் கடல் நீரில் விளக்கெரிவதைக் கண்டு கைகூப்புகிறோம். அடுத்த முறை கைகூப்பும்போது, அரசன் முன் சிலம்போடு தனியே நின்ற அப்பெண்ணையும் நினைப்போம். நம் ஊரில் அவ்வாறு தனித்து நிற்பவர் எவராயினும், அவர் நமக்கு வேண்டாதவராயினும், அவர் வழக்குக் கேட்கப்படுவதற்கு நாம் துணை நிற்போமாக.