‘வெறும் சுளுக்குதானே’ என்று விட்டுவிடாதீர்கள்



ஈரத் தரையில் வழுக்குகிறது. மணலில் பைக் சறுக்குகிறது. பஸ் படியில் கால் தவறுகிறது. விழும்போது கை தானாகவே முன்னால் போய்த் தரையில் ஊன்றும். உடம்பின் எடை மொத்தமும் அந்த உள்ளங்கை வழியாக மணிக்கட்டு, முன்கை, முழங்கை என்று ஏறும். எழுந்து கையை அசைத்துப் பார்க்கிறோம். விரல் மடங்குது. “எலும்பு உடையலை, சுளுக்குதான்” என்று நாமே தீர்ப்புச் சொல்லிட்டு வேலைக்குப் போயிடுறோம். இந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

சுளுக்கு என்றால் என்ன?

எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் உறுதியான பட்டைக்குத் தசைநார் என்று பெயர். பேச்சு வழக்கில் ஜவ்வு என்கிறோம். டாக்டர்கள் லிகமென்ட் என்பார்கள். அது இழுபட்டால் முதல் நிலை. பாதி கிழிந்தால் இரண்டாம் நிலை. முழுதாக அறுந்தால் மூன்றாம் நிலை. மூன்றுக்கும் நாம் வைத்திருக்கும் ஒரே பேர் சுளுக்கு. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்குது.

மணிக்கட்டு

மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருப்பது தசைநார்கள்தான். ஸ்கேபாய்டு, லூனேட் என்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைநார் அறுந்தால், வெளியே லேசான வீக்கம் மட்டும் தெரியலாம். கவனிக்காமல் விட்டால் எலும்புகள் விலகி, சில வருடங்களில் மூட்டே தேய்ந்துபோகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டைவிரலை மேலே நீட்டினால் அதன் அடியில் ஒரு சின்னக் குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? அது சுளுக்காக இல்லாமல் ஸ்கேபாய்டு எலும்பில் விழுந்த விரிசலாக இருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகும். அதனால்தான் டாக்டர் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி வரச் சொல்வார். ‘வலி குறைஞ்சிடுச்சே’ன்னு போகாம இருந்துடாதீங்க. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காவிட்டால் கூடாமலே போகலாம்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தசைநாரைக் காட்டாது. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்றால் எலும்பில் முறிவு தெரியவில்லை என்று மட்டும்தான் பொருள். ஈரத் துணி பிழியும்போதும் சாவி திருப்பும்போதும் சுண்டுவிரல் பக்கம் வலி தொடர்ந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள்.

முன்கை, முழங்கை

முன்கையில் இரண்டு எலும்புகள். அவற்றை நீளவாக்கில் ஒரு சவ்வு இணைக்கிறது. கை ஊன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டோடு முழங்கையும் வலித்தால், இரண்டையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் மற்றொன்று தவறிப்போக வாய்ப்பு உண்டு.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைக் கையைப் பிடித்துத் தூக்கிச் சுற்றாதீங்க, வெடுக்கென்று இழுக்காதீங்க. முழங்கையில் ஆரை எலும்பின் தலையை மோதிரம் போலச் சுற்றியிருக்கும் தசைநாரிலிருந்து எலும்பு நழுவிவிடும். குழந்தை அந்தக் கையை அசைக்காமல் தொங்கவிட்டுக்கொண்டு அழும். நீங்களே திருகிப் பார்க்க வேண்டாம். டாக்டர் பெரும்பாலும் சில நொடியில் சரி செய்துவிடுவார்.

உடனே செய்ய வேண்டியவை

முதல் வேலையாக மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கைக்கு ஓய்வு கொடுங்கள். ஐஸை நேரடியாக வைக்காமல் துணியில் சுற்றி, 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் வைத்திருங்கள். முதல் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்து நீவுவது, உருவி இழுப்பது, வெந்நீர் ஒத்தடம் எதுவும் வேண்டாம், வீக்கம்தான் கூடும்.

மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் பழக்கம் நம்ம ஊரில் இன்னும் இருக்கு. கட்டு இறுகினால் தசைக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்திலேயே தசை செத்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும். விரல் மரத்தாலோ, வெளுத்தாலோ, நீலம் பூத்தாலோ, விரலை நீட்டினால் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, கட்டை உடனே தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். கை கோணியிருந்தாலோ, வீக்கம் அதிகமாக இருந்தாலோ, முடநீக்கியல் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். ஆம்புலன்சுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104. சாலை விபத்து என்றால் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால் அன்றைக்கே மேலாளரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள், இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். ஓ.பி. சீட்டையும் எக்ஸ்ரேயையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை டாக்டர் கேட்பார்.

கட்டுப் பிரித்ததோடு சிகிச்சை முடிந்துவிடாது. முழங்கை சீக்கிரம் இறுகிப்போகும் மூட்டு. இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சிகளை அவர் சொன்ன நாள்வரை செய்யுங்கள்.

தையல் மிஷின் ஓட்டுபவர், கொத்தனார், பூக்கட்டுபவர், கம்ப்யூட்டரில் வேலை செய்பவர் என்று எத்தனையோ குடும்பங்களுக்குக் கைதான் வருமானம். இரண்டு நாள் கூலி போகுமே என்று தள்ளிப்போட்டால், பிற்காலத்தில் அந்தக் கையே வேலைக்கு உதவாமல் போகலாம். அடிபட்டால் காட்டுங்க, வரச் சொன்ன நாளில் மறக்காமல் மறுபடியும் காட்டுங்க.