சுட மறுத்த பட்டாளம்

(அரசியல் வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பட்டாளங்களின் சரித்திரத்தைப் பெரும்பாலும் அவற்றை நடத்திய அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் போர், எந்தத் தளபதி, எத்தனை பதக்கம் என்று பக்கம் பக்கமாக அவர்கள் எழுதுவார்கள். அதே பட்டாளம் ஒரு நாள் சுட மறுத்ததென்றால் இரண்டு வரியில் கடந்து போய்விடுவார்கள். கர்வால் பட்டாளத்தின் கதையில் அந்த இரண்டு வரியை விரித்துப் பார்க்கவே இன்று கூடியிருக்கிறோம்.

கர்வால், இன்றைய உத்தரகண்ட் மாநிலத்தில் உள்ள மலைநாடு. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி உழுது வாழும் மக்கள். விளைவது வீட்டுக்குப் போதாது. ஆண்மக்கள் ஊரை விட்டுப் போய்ச் சம்பளம் தேடவேண்டும். இதை வெள்ளையன் நன்கறிவான். 1857-ல் கண்ட அச்சமும் அவனை விட்டு அகலவில்லை. ஒரு மாகாணத்தான் எழுந்தால் அவனைச் சுட மற்றொரு மாகாணத்தான், ஒரு மதத்தான் எழுந்தால் அவனைச் சுட மற்றொரு மதத்தான் — இதுதான் அவன் பட்டாளம் திரட்டிய சூத்திரம். 1887-ல் அல்மோராவில் கர்வாலிகளுக்கெனத் தனிப் படை திரட்டப்பட்டது. காலுடாண்டா என்ற மலைமுகட்டில் முகாம் அமைந்தது. சில ஆண்டுகளில் அந்த ஊரின் பெயரும் போய், வைசிராயின் பெயரால் லான்ஸ்டவுன் ஆயிற்று. மக்களுக்கோ ‘போர்க்குடி’ என்ற பட்டம் கிடைத்தது. பட்டத்துக்குச் செலவில்லை அல்லவா!

முதல் உலகப் போரில் இந்த ஏழை மலைவாசிகள் பிரான்சின் சேற்றுக் குழிகளில் கிடந்து மடிந்தார்கள். 1914-ல் பெஸ்டுபெர்ட்டில் தர்வான் சிங் நேகிக்கும், 1915-ல் நவ் ஷப்பேலில் உயிர்நீத்த கபர் சிங் நேகிக்கும் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. 1921-ல் படைக்கு ‘ராயல்’ என்ற அடைமொழியும் வந்து சேர்ந்தது. விசுவாசத்துக்கு இலக்கணம் இந்தப் பட்டாளமே என்று ஏகாதிபத்தியம் நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில் குலைந்தது.

உப்புச் சத்தியாக்கிரகம் நாடெங்கும் மூண்டிருந்த காலம். எல்லைப்புற மாகாணத்தில் கான் அப்துல் கபார் கான் கைதானார். பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் மக்கள் திரண்டனர். பட்டாணியர், துப்பாக்கியோடு பிறந்தவர்கள் என்று பெயர் பெற்றவர்கள், அன்று வெறுங்கையோடு நின்றார்கள். கவச வண்டிகள் கூட்டத்துக்குள் பாய்ந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. மாண்டவர் தொகையைச் சர்க்கார் ஒருவிதமாகச் சொன்னது, மக்கள் வேறுவிதமாகச் சொன்னார்கள்.

அங்கே ராயல் கர்வால் ரைபிள்ஸின் இரண்டாவது பட்டாலியனும் நிறுத்தப்பட்டிருந்தது. எதிரே முஸ்லிம் மக்கள். இவர்களோ இந்துச் சிப்பாய்கள். கணக்குத் தப்பாது என்று அதிகாரி எண்ணினான். உத்தரவு பிறந்தது. பிரான்சிலும் மெசபடோமியாவிலும் போரிட்டுத் திரும்பிய ஹவில்தார் சந்திர சிங், சுடவேண்டாம் என்று தம் ஆட்களைத் தடுத்தார். இரண்டு பிளாட்டூன்களின் துப்பாக்கிகள் தாழ்ந்தன.

நினைத்துப் பாருங்கள், தோழர்களே! சிப்பாய் சுட மறுத்தால் மரண தண்டனையே வரலாம். ஊரிலே மனைவி மக்களுக்கு அவன் சம்பளமே சோறு. எதிரே நிற்பவனின் மொழி இவனுக்குப் புரியாது, மதமும் வேறு. இருந்தும் கை விசையை அழுத்தவில்லை.

படையினரின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. அபோட்டாபாத்தில் இராணுவ விசாரணை நடந்தது. பாரிஸ்டர் முகுந்தி லால் அவர்களுக்காக வாதாடினார். சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை. உடன் நின்ற பலருக்கும் நெடுஞ்சிறை.

இனி வருவது கசப்பான பகுதி. 1931 மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சத்தியாக்கிரகிகள் விடுதலையானார்கள். பகத்சிங்குக்காக நாடு அழுதது, அது நியாயம். கர்வாலிகளை எத்தனை பேர் நினைத்தார்கள்? உத்தரவுக்குக் கீழ்ப்படியாத குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற சிப்பாய்களுக்கும் போலீசாருக்கும் பொதுமன்னிப்பு இல்லை என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1932-ல் வெளிவந்த பிரெஞ்சுப் பத்திரிகைப் பேட்டியொன்றில், சுடும் உத்தரவை மீறும் சிப்பாய் தான் எடுத்த உறுதிமொழியை மீறுகிறான் என்ற கருத்தையே காந்தியடிகள் சொன்னார். நாளை தம் கைக்கு அதிகாரம் வரும்போது அதே சிப்பாய்கள் தமக்கும் பணியாமல் போகலாமே என்ற கவலையையும் அவர் மறைக்கவில்லை. அவரை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அகிம்சையைத் தம் உயிரைப் பணயம் வைத்துக் கடைப்பிடித்த சிப்பாய்க்கு அகிம்சையின் தலைவரிடம் இடம் கிடைக்கவில்லையே என்ற வேதனையால் சொல்கிறேன். வெள்ளையனின் சம்பளப் பட்டியலில் கைநாட்டு வைத்த உறுதிமொழி பெரிதா, கடைத்தெருவில் வெறுங்கையோடு நின்றவனின் உயிர் பெரிதா? கேள்வி கர்வாலிகளோடு முடிந்துவிடவில்லை.

பதினோராண்டுகள் கழித்து, 1941-ல்தான் சந்திர சிங் வெளியே வந்தார். மறு ஆண்டே ஆகஸ்டுப் போராட்டத்தில் மீண்டும் சிறை. பின்னர் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். 1979-ல் மறைந்தார். ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ எழுதிய ராகுல சாங்கிருத்தியாயன், அவருடைய வாழ்க்கை வரலாற்றை நூலாக்கியிருக்கிறார். 1994-ல் இந்திய சர்க்கார் அவருக்குத் தபால்தலையும் வெளியிட்டது.

அந்தப் பட்டாலியன் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஆட்களை மாற்றிப் புதுக்கி, மலேயாவில் குவாந்தானைக் காக்க அனுப்பினார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் வெள்ளைத் தளபதி சரணடைந்தபோது அதில் எஞ்சியவர்களும் ஜப்பானியரிடம் கைதிகளானார்கள். சிறைப்பட்ட கர்வாலிகளில் நூற்றுக்கணக்கானோர், ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளியின் அருகே அணிவகுத்து, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள்.